வெயில் எல்லாருக்கும் பொது, கூரை யாருக்குச் சொந்தம்?

(பலெர்மோ, பிரான்காச்சோவில் நடைபெற்ற எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கத் தலைவர் என்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள் சூரியத் தகடு பூட்டுற ஆள், அதைப் பற்றி ஒரு இருபது நிமிசம் கதையுங்கோ" எண்டு கேட்டார். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஊரிலை வயறிங் வேலை பழகினவன். 1996இல் இந்த ஊருக்கு வந்து, ஆறேழு வருடம் வீடு துடைச்சு, பிறகு ஒரு மின்சார ஒப்பந்தக்காரரிட்டை எடுபிடியாகச் சேர்ந்து, இப்ப பதினைந்து வருடமாகக் கூரைகளில் ஏறித் தகடு பூட்டி வருகிறேன். ஆகவே கூரையிலிருந்து பாத்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த மண்டபத்திலிருந்து நடக்கக்கூடிய தூரத்திலை ஒரு பழைய கோட்டை இருக்கு. மாரெதோல்ச்சே எண்டு பேர். எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு போகப் பாத்திருப்பினம். பெரியவர்கள் அநேகம் பேர் பாத்திருக்க மாட்டினம், ஏனெண்டால் நாங்கள் இந்த ஊரிலை ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளுகிற இனம். அந்தப் பேருக்கு அர்த்தம் நன்னீர்க் கடல். அரபுக்காரர் ஆண்ட காலத்திலை தொடங்கி, பன்னிரண்டாம் நூற்றாண்டிலை இரண்டாம் ரொஜ்ஜெரோ அரசன் பெருப்பித்த இடம். பின்னாலை நிக்கிற கிரிபோனே மலையடி ஊற்றை அணை கட்டி மறித்து, கோட்டையைச் சுற்றி ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு நடுவிலை ஒரு தீவு. அந்த ஏரி பல நூறு வருடத்துக்கு முந்தியே வற்றிப் போச்சு, அடியிலை தோடையும் மந்தரினும் நட்டார்கள். பிறகு 1950களிலும் 60களிலும் பலெர்மோவைச் சூறையாடினது எண்டு இத்தாலியரே சொல்லுகிற அந்தக் கட்டிடக் காலம் வந்தது. தோட்டங்களை அழித்து மாடிவீடு கட்டினார்கள். இடிச்ச கல்லும் மண்ணும் லொறி லொறியாக ரொமான்ஞோலோ, ஸ்பெரோனே கடற்கரையிலை கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒரு காலத்திலை பலெர்மோக்காரர் குளிக்கப் போன கடற்கரை அது. இப்ப நாங்கள் கால் நனைக்கவும் யோசிக்கிறோம்.

இதை ஏன் சொல்லுகிறேன் எண்டால், தண்ணியும் மரமும் போன இடத்திலை வெயில் எப்படி இறங்கும் எண்டது பிரான்காச்சோ ஆக்களுக்குப் புத்தகம் படிச்சுத் தெரிய வேண்டியதில்லை.

2023 யூலை 24ஆம் திகதியை உங்களில் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அண்டைக்கு பலெர்மோவில் 47 பாகை வரை பதிவானது. அதுக்கு இரண்டு வருடம் முந்தி, 2021 ஓகஸ்ட் 11இல், சிரக்கூசாப் பக்கத்துப் புளோரிதியாவில் 48.8 பாகை. அது ஐரோப்பாக் கண்டத்தின் உச்ச வெப்பம் எண்டு உலக வளிமண்டலவியல் நிறுவனம் 2024இல் உறுதி செய்தது. வன்னி வெயிலைப் பாத்தவர்கள்தானே நாங்கள், எங்களுக்கு என்ன எண்டு கேக்கலாம். ஊரிலை 36, 37 பாகைக்கே வேப்பமரத்துக்குக் கீழை பாய் போடுவோம். இங்கை எங்கட ஆட்கள் இருக்கிறது மாடிவீட்டின் கடைசித் தட்டிலை, ஓட்டுக்கும் தாருக்கும் கீழை. வாடகை அங்கைதான் குறைவு.

அந்த 24ஆம் 25ஆம் திகதிகளிலை சுற்றியிருந்த மலையெல்லாம் நெருப்பு. விமான நிலையத்தை மூடினார்கள். பெல்லோலாம்போக் குப்பைமேடு பத்தி எரிஞ்சது. எங்களுக்குக் கிட்ட, கிரிபோனே மலையடியிலை இருக்கிற சாந்தா மரியா தி ஜேசு ஆலயமும் எரிஞ்சது. அதுக்குள்ளைதான் சான் பெனெதெத்தோவின் திருவுடல் இருந்தது. அவர் ஆபிரிக்க அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, சமையற்காரத் துறவியாக இருந்து, இந்த நகரத்தின் பாதுகாவலர்களில் ஒருவரானவர். நானூறு வருடத்துக்கு மேல் பாதுகாத்த உடல் ஒரு இரவிலை கருகிப் போச்சு. அடுத்த நாள் எங்கட கத்தோலிக்க அக்காமார் சிலர் அழுததை நான் பாத்தேன். சைவக்காரரும் அழுதார்கள். நாங்கள் பெல்லெக்ரீனோ மலைக்குச் சாந்தா ரொசாலியாவிட்டை ஏறுகிறபோது சைவம் வேதம் எண்டு பாக்கிறோமா என்ன.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் பிழையெண்டால் திருத்துங்கோ. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்க எரிக்கக் காற்றிலை காபனீரொட்சைட்டு கூடுது. 1958இல் அளக்கத் தொடங்கின நேரம் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 315 பங்கு. இப்ப 420ஐத் தாண்டிவிட்டது. அது பூமிக்குப் போர்த்த போர்வை மாதிரி, சூட்டை வெளியிலை விடாது. 2024தான் இதுவரை அளந்த வருடங்களிலை மிகச் சூடான வருடம். இவ்வளவும் போதும்.

யார் சாகிறார்கள் எண்டதுதான் எங்களுக்கு முக்கியம். 2022 கோடையிலை ஐரோப்பாவிலை வெப்பத்தாலை 60,000க்கு மேல் இறந்தார்கள் எண்டு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார்கள். அதிலை இத்தாலியிலை மட்டும் ஏறக்குறைய 18,000. நாட்டுக்கு நாடு பாத்தால் இத்தாலிதான் முதலிடம். செத்தவர்களிலை கூடப்பேர் வயதான பெண்கள். அந்த வயதான பெண்கள் யார்? நாங்கள் பாக்கிற சிஞ்ஞோராக்கள்தான். எங்கட அக்காமார் அவையளுக்குத் தண்ணி பருக்கி, ஈரத் துணி போட்டு, ஜன்னல் சாத்தி, இரவு முழுக்க இருந்து காப்பாத்தின கதை எத்தனை இந்த மண்டபத்துக்குள்ளை இருக்கு. 2025 கோடையிலை சிசிலி மாகாண அரசு ஒரு கட்டளை போட்டது: கடும் வெப்ப நாட்களிலை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை தோட்டத்திலும் கட்டிடத்திலும் வெளிவேலை செய்யக்கூடாது எண்டு. நல்ல கட்டளை, எனக்கும் கூரையிலிருந்து இறங்கக் கிடைச்சது. ஆனால் அடுப்படியிலை நிக்கிற எங்கட அக்காவுக்கு அந்தக் கட்டளையிலை இடமில்லை.

தண்ணிக் கதையும் தெரியும். 2024 மே மாதம் சிசிலி வறட்சிக்கு ரோம் அரசு அவசரநிலை அறிவித்தது. கோடையிலை எண்ணா மாவட்டத்துப் பெர்கூசா ஏரி வற்றிப் போச்சு. ஒக்டோபரிலை பலெர்மோவிலையே முறைவைத்துத் தண்ணி விடத் தொடங்கினார்கள். அந்த வருடம் சாந்தா ரொசாலியாவின் நானூறாவது பெருவிழா, வாணவேடிக்கைக்கு ஒரு குறையும் இல்லை, குழாயிலைதான் காத்து வந்தது. இதிலை மழையை மட்டும் குறை சொல்லேலாது. சிசிலிக் குழாய்களிலை விடுகிற தண்ணியிலை பாதிக்கு மேல் வழியிலேயே ஒழுகிப் போகுது எண்டு அரச புள்ளிவிபரமே சொல்லுது.

சரி, இனி மின்சாரத்துக்கு வருவோம்.

எங்கட ஆட்களிலை சிலர் சொல்லுவினம், "சிக்கனமாக வாழுறதை எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை, நாங்கள் யாழ்ப்பாணத்திலை ஐந்து வருடம் கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள்" எண்டு. உண்மைதான். 1990இல் கரண்ட் போச்சு. அதோடை பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள்ளை கொஞ்சம் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டு விளக்குக் கொளுத்தி, அந்த வெளிச்சத்திலை பிள்ளையள் சோதனைக்குப் படிச்சது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ கேட்டது. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலிலை உசுப்பி மண்ணெண்ணெயிலை ஓட்டினது. தண்ணி இறைக்கிற மெசினை மூலையிலை வைத்துவிட்டுத் துலாவுக்குத் திரும்பிப் போனது. இதையெல்லாம் இப்ப சிலர் "அந்தக் காலத்திலையே நாங்கள் இயற்கையோடை வாழ்ந்தோம்" எண்டு பெருமையாகக் கதைக்கேக்கை எனக்கு எரிச்சல் வரும். அது இயற்கை வாழ்வில்லை ஐயா, இல்லாமை. அந்தப் புகையிலை கண்ணைக் கெடுத்தவர்களைக் கேளுங்கோ. ஆசுபத்திரியிலை குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் மருந்து பழுதாப் போனதைக் கேளுங்கோ. நிறைய மின்சாரம் வேணும், எல்லாருக்கும் வேணும், ஆனால் அது எரிச்சுப் புகைச்சு வராத மின்சாரமாக வேணும். என்ர கட்சி அதுதான்.

எண்டாலும் அந்த ஐந்து வருடம் ஒரு விஷயத்தைக் காட்டினது. ஒரு சின்ன டைனமோ, ஒரு பழைய பற்றரி, ஒரு அயல். அதுக்குள்ளை நாங்கள் ஒரு செய்தி நிலையமே நடத்தினோம். ஒரு வீட்டிலை றேடியோ, பத்து வீட்டாருக்குச் செய்தி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, கொஞ்சத்தாலை திரும்ப வருவேன்.

இப்ப சிசிலிக் கணக்கைப் பாருங்கோ. இங்கை நல்லாகப் பூட்டின ஒரு கிலோவாற் தகடு வருடத்துக்கு ஏறக்குறைய 1,500 யூனிற் தரும். ஒரு சாதாரண இத்தாலியக் குடும்பம் வருடத்துக்குச் செலவழிக்கிறது 2,700 யூனிற் அளவு. அப்ப இரண்டு கிலோவாற், அதாவது நாலைந்து தகடு, கணக்கிலை ஒரு குடும்பத்துக்குக் காணும். இரவிலை வெயில் இல்லை, மாரியிலை குறைவு, அது வேறை விஷயம். தகட்டின் விலை 2010இல் இருந்ததிலை பத்திலொண்டாக இறங்கிவிட்டது. இண்டைக்குக் கூலியும் சாரமும் கடதாசி வேலையும்தான் தகட்டைவிடச் செலவு. ஆக வெயில் இருக்கு, தகடு மலிவு. பிறகு ஏன் பிரான்காச்சோவிலை நாலு கூரைக்கு ஒரு கூரையிலைகூடத் தகட்டைக் காணேல்லை? கைத்தொழில் வலயத்துக் கொட்டகைகளைப் பாருங்கோ. தட்டையான கூரை, நிழல் இல்லை, ஒரு காகம்கூட இருக்காது.

காரணம் கூரைதான். வெயில் பொது, கூரை பொது இல்லை.

இத்தாலிய அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தகடு பூட்ட ஒரு நிதி வைத்தது. றெத்தித்தோ எனெர்ஜெத்திக்கோ எண்டு பேர். 2024க்கும் 2025க்கும் சேர்த்து 20 கோடி யூரோ, அதிலை 80 வீதம் சிசிலி உட்பட்ட தெற்கு மாகாணங்களுக்கு. ஈசே 15,000 யூரோவுக்குக் கீழ் இருக்கவேணும், நாலு பிள்ளையோ அதுக்கு மேலோ எண்டால் 30,000 வரை. எங்கட குடும்பங்களிலை அரைவாசி இதுக்குள்ளை வரும். ஆனால் ஒரு நிபந்தனை: கூரையிலை உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கவேணும். வாடகைக்கு இருக்கிறவன் அப்ளிக்கேசனே போடேலாது. நானே எங்கட வீட்டுக்காரரிட்டைக் கேட்டுப் பாத்தேன், "உங்கட பேரிலை போடுங்கோ, பூட்டுக்கூலி நான் எடுக்கமாட்டேன், கீழ்வீட்டுக்கும் கரண்ட் வரும்" எண்டு. மனுசன் கையை விரிச்சார்: "நாளைக்கு நீ போயிடுவாய், ஓடு ஒழுகினால் நான் யாரைப் பிடிக்கிறது?" இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டிலை இருக்கிறேன், நாளைக்குப் போயிடுவேனாம். அவர் பயத்திலையும் ஒரு நியாயம் இருக்கு எண்டு பிறகு யோசிச்சேன். இங்கை கூரை ஒழுகினால் ஐந்து வீட்டுக்காரரும் ஐந்து வக்கீலும் வருவார்கள்.

வாடகைக்காரருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கு. அதுக்குத்தான் இண்டைக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறேன். அதன் பேர் கொமுனித்தா எனெர்ஜெத்திக்கா, நாங்கள் மின்சாரக் கூட்டு எண்டு சொல்லுவோம். 2023 டிசம்பரிலை எழுதி, 2024 ஜனவரி 24இல் அமுலுக்கு வந்த சட்ட விதி. ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சங்கம், ஒரு சின்னக் கடை, யாரோ ஒருத்தரின் கூரையிலை தகடு பூட்டலாம். அதே பெரிய உபமின்நிலையத்துக்குக் கீழை இருக்கிற எந்தக் குடும்பமும் அதிலை அங்கத்தவராகலாம், வாடகைக்காரர் எண்டாலும் சரி. புதுக் கம்பி ஒண்டும் இழுக்கிறதில்லை. உங்கட பில் வழமைபோலவே வரும். ஆனால் தகடு கரண்ட் தருகிற அதே மணித்தியாலத்திலை நீங்கள் எவ்வளவு எரிச்சீர்களோ, அந்தப் பங்குக்கு அரச நிறுவனம் கூட்டுக்குக் காசு கொடுக்கும், இருபது வருடத்துக்கு. அந்தக் காசைக் கூட்டு எப்படிப் பிரிக்கிறது எண்டது கூட்டின் யாப்பு. சலவை மெசினை இரவு பதினொன்றுக்குப் போடாமல் மத்தியானம் போட்டால் லாபம்.

பெரிய காசு எண்டு நினைக்காதேங்கோ. ஒரு குடும்பம் ஆயிரம் யூனிற்றைப் பகிர்ந்தால் ஏறக்குறைய நூறு யூரோதான், அதிலையும் நிர்வாகச் செலவு கழியும். வடஇத்தாலிக்கு வெயில் குறைவெண்டு யூனிற்றுக்கு ஒரு சதம் கூட்டிக் கொடுக்கிறார்கள், எங்களுக்கு அதுவும் இல்லை. தகடு வாங்கிற செலவிலை 40 வீதம் வரை கொடுத்த ஐரோப்பிய மீட்சி நிதியும் சின்ன ஊர்களுக்கு எண்டு வைத்தது. ஆறு லட்சத்துக்கு மேல் சனம் உள்ள பலெர்மோ அதுக்குள்ளை வராது.

அப்ப ஏன் மினக்கெட வேணும்? நாப்போலியின் கிழக்கு மூலையிலை சான் ஜொவான்னி அ தெதுச்சோ எண்டு ஒரு பகுதி. ஆலைகள் மூடி, வேலை போய், கேட்ட பேரெடுத்த இடம், பிரான்காச்சோவின் உடன்பிறப்பு மாதிரி. 2021இல் அங்கை ஒரு சிறுவர் நிலையத்தின் கூரையிலை 166 தகடு, 53 கிலோவாற், பூட்டினார்கள். லெகாம்பியெந்தே எண்ட சுற்றாடல் சங்கமும், தெற்குக்கான ஒரு அறக்கட்டளையும் கைகொடுத்தன. பயன் அயலிலை உள்ள 40 வறிய குடும்பங்களுக்கு. சிசிலியிலேயே சிரக்கூசா மாவட்டத்து பேர்லாவிலை, இரண்டாயிரத்துச் சொச்சம் சனம் உள்ள மலையூரிலை, அதே 2021இல் நகரசபைக் கட்டிடக் கூரையிலை தொடங்கினார்கள். அவர்களிட்டையும் பெரிய காசு இருக்கேல்லை. ஒரு கூரையும் சொல்லுக்குக் கட்டுப்பட்ட கொஞ்சச் சனமும் இருந்தது. ஒரு றேடியோ, பத்து வீடு எண்டேனே, அதுதான்.

இந்தப் பிரான்காச்சோவிலை கேட்டு வாங்கிறது லேசில்லை எண்டதும் தெரியும். தொன் பீனோ புல்யீசி சுவாமி இங்கை கேட்டது என்ன? ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம், ஒரு சுகாதார நிலையம், ஒழுங்கான கழிவு வாய்க்கால். அதுக்கு 1993 செப்டெம்பர் 15இல், அவரின் 56ஆவது பிறந்தநாளிலை, வீட்டு வாசலிலை சுட்டார்கள். பள்ளிக்கூடம் பிறகு 2000ஆம் ஆண்டு வந்தது. இண்டைக்கு எங்கட பிள்ளையளும் அவர் தொடக்கின நிலையத்துக்குப் படிக்கப் போகினம். காற்றாடியும் தகடும் எண்டால் சுத்தமான காசு எண்டு நினைக்கவும் வேண்டாம். 2010இல் சிசிலிக் காற்றாலை வியாபாரி ஒருவரிட்டையிருந்து 150 கோடி யூரோப் பெறுமதியான சொத்தைப் பொலிஸ் முடக்கினது. காசு வருகிற இடத்துக்கு எல்லாரும் வருவார்கள். ஆகவே கணக்குப் புத்தகம் திறந்திருக்கிற கூட்டாக வேணும்.

இந்த இடத்திலை ஒரு எச்சரிக்கை. வீட்டுக் கதவைத் தட்டியும் போனிலும் வருகிறார்கள் பாருங்கோ, "சிஞ்ஞோரா, உங்கட பில்லிலை பிழை இருக்கு, இலவசத் தகடு வந்திருக்கு, பில்லைக் காட்டுங்கோ" எண்டு. காட்டாதேங்கோ. பில்லிலை ஐற்றீ எண்டு தொடங்குகிற ஒரு நீட்டு இலக்கம் இருக்கு, அது உங்கட மின்சார இணைப்பின் அடையாளம். அதையும் கொதிச்சே பிஸ்காலேயையும் சொன்னால் உங்களுக்குத் தெரியாமலே கொம்பனி மாத்திப் போடுவார்கள். போனிலை "சீ" எண்டும் சொல்லாதேங்கோ. மாத்திப் போட்டாலும் குறைஞ்சது 14 நாளுக்குள்ளை எழுத்திலை மறுக்கலாம். இன்னொண்டு: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மின்சார பில்லிலை கழிவு 2021இலிருந்து தானாக வருது. ஆனால் அந்த வருடத்து ஈசே எடுத்திருந்தால்தான் வரும். கடதாசி எடுக்கப் பஞ்சிப்பட்டு வருடா வருடம் அந்தக் காசை விடுகிற குடும்பங்கள் எங்களுக்குள்ளை இருக்கு.

ஊருக்கு வருவோம். நீங்கள் அனுப்பிற காசிலை அம்மா அப்பாவின் வீட்டுக்குத் தகடு பூட்டலாமா எண்டு கிழமைக்கு ஒருத்தர் என்னைக் கேக்கிறார்.

போன 2025 சித்திரை வருடப்பிறப்பை எடுங்கோ. இலங்கையிலை கந்தோர், தொழிற்சாலை எல்லாம் லீவு, கரண்ட் செலவு விழுந்து போச்சு. கூரைத் தகடுகள் மத்தியான வெயிலிலை தாராளமாகத் தருது. வாங்க ஆளில்லை. மின்சார சபை சனத்தைக் கேட்டது, ஏப்ரல் 21 வரை பகலிலை மூன்று மணி வரைக்கும் தகடுகளை நிப்பாட்டி வையுங்கோ எண்டு. யோசிச்சுப் பாருங்கோ. 2022 மார்ச்சிலை ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு, மூன்று வருடத்திலை வெயிலைக் கூடிப்போச்சு எண்டு சொல்லுது. அதே 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள்ளை ஒரு குரங்கு பாய்ஞ்சு முழு இலங்கையும் இருண்டது. எல்லாரும் குரங்கைச் சொல்லிச் சிரிச்சார்கள். தொழில் தெரிஞ்சவனுக்கு அது சிரிப்பில்லை. பெரிய ஆலைகளின் சுழலி கனமாகச் சுத்திக்கொண்டிருக்கும். ஒரு அடி விழுந்தால் அந்தப் பாரம் தாங்கும். தகட்டிலை சுத்துகிற பாரம் கிடையாது. ஆகவே தகடு கூடக் கூடப் பற்றரியும் வேணும், நல்ல கம்பி வலையும் வேணும். இத்தாலியும் இதைப் படிச்ச நாடுதான். 2003 செப்டெம்பர் 28 இரவு சார்தேஞ்ஞா தவிர முழு நாடும் இருண்டது ஞாபகமா? இப்ப தெர்மினி இமெரேசேயிலிருந்து கடலுக்கு அடியாலை கம்பானியாவுக்கும், அங்காலை சார்தேஞ்ஞாவுக்குமாக 970 கிலோமீற்றர் கேபிள் போடுகிறார்கள், 370 கோடி யூரோ செலவிலை. சிசிலி வெயிலை வடக்குக்குக் கொண்டுபோக.

ஆகவே ஊர்வீட்டுக்கு என்ர பதில்: பூட்டுங்கோ, அம்மாவின் பில்லுக்கு ஏத்த அளவிலை பூட்டுங்கோ. யூனிற்றுக்கு இவ்வளவு ரூபா தருவினம், வட்டியைவிட லாபம் எண்டு இருபது கிலோவாற் போடாதேங்கோ. அந்த விலையை அரசாங்கம் பலதரம் மாத்திப் போட்டுது, இனியும் மாத்தும். காசு மிஞ்சினால் பற்றரிக்குப் போடுங்கோ.

எங்கட கிணறுகளுக்கும் இதிலை பங்கிருக்கு. சுன்னாகத்திலை டீசல் மின்நிலையத்தாலை கிணறுகளிலை எண்ணெய் கலந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கொம்பனியை இரண்டு கோடி ரூபா கொடுக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்திலை ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இருக்கிற நிலத்தடி நீர்தான் எல்லாம். இரண்டு கோடியைச் சனத்துக்குப் பிரிச்சால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் தண்ணி வாங்கலாம்? 2024 ஓகஸ்டிலை தாளையடியிலை கடல்நீரை நன்னீராக்கிற நிலையம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர். நல்லது. ஆனால் கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்க நிறையக் கரண்ட் வேணும். அதையும் டீசலிலை செய்தால் பழைய குருடி கதவைத் திறடி எண்டதுதான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆக்கள் இங்கை கொஞ்சப்பேர் இருக்கிறீர்கள். அந்த மூன்று தீவுக்கும் வெயில், காற்று, பற்றரி சேர்ந்த மின்திட்டம். முதலிலை 2021இல் ஒரு சீனக் கொம்பனிக்குக் கொடுத்தார்கள், இந்தியா விரும்பேல்லை, நிண்டுபோச்சு. பிறகு இந்தியா நன்கொடையாகச் செய்கிறோம் எண்டு 2024 மார்ச்சிலை பெங்களூர்க் கொம்பனி ஒண்டோடை ஒப்பந்தம். 1,700 கிலோவாற் வெயில், 530 கிலோவாற் காற்று. இரண்டு யானைக்கு நடுவிலை தீவுச் சனம் டீசல் மெசின் சத்தத்தோடை மூன்று வருடம் வீணாய்ப் போச்சு.

மன்னார்க் கதை இன்னும் சிக்கல். 2020 டிசம்பரிலை தம்பபவனி எண்டு 30 காற்றாடி, 100 மெகாவாற்றுக்கு மேல், தீவின் தென்கரையிலை. பிறகு அதானி கொம்பனி மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் செய்ய வந்தது, யூனிற்றுக்கு 8.26 அமெரிக்க சதம் விலை கூடிப்போச்சு எண்டு சண்டை, 2025 பெப்ரவரியிலை விலகிப் போச்சு. அதே வருடம் ஓகஸ்டிலை மன்னார்ச் சனம், குருமாரும் சேர்ந்து, இனிக் காற்றாடி வேண்டாம், கனிய மணலும் அள்ள வேண்டாம் எண்டு வீதிக்கு இறங்கினது. காற்றாடிக்குப் போட்ட றோட்டாலை மழைத்தண்ணி ஓட இடமில்லை, மீன்பாடு குறையுது, மத்திய ஆசியாவிலிருந்து வாற பறவைகளுக்கு இடைஞ்சல் எண்டு அவர்கள் சொல்லுகிறார்கள். இங்கை இருக்கிற படிச்ச தம்பிமார் சிலர், "அந்தச் சனத்துக்கு விளங்கேல்லை, காற்றாடி நல்லது" எண்டு முகநூலிலை எழுதினதைப் பாத்தேன். தம்பி, நான் தகடு பூட்டிச் சாப்பிடுகிறவன், எனக்கும் காற்றாடி வேணும். ஆனால் தன்ர வளவுக்குள்ளை நடக்கிற காரியத்தை ஆரும் தன்னைக் கேக்காமல் செய்தால் மனுசன் என்ன செய்வான்? அந்தக் கரண்ட் கொழும்புக்குப் போகுது. வெள்ளம் அவன்ர முத்தத்திலை நிக்குது. அந்தக் காற்றாடியிலை பத்து வீதப் பங்கு மன்னார்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு எண்டிருந்தால் கதை வேறை மாதிரிப் போயிருக்கும் எண்டது என்ர எண்ணம். 2025 நவம்பர்க் கடைசியிலை டித்வா புயல் வந்து 600க்கு மேல் உயிரைக் கொண்டுபோன நாட்டிலை, காலநிலையும் வேண்டாம் எண்டு விடேலாது, வெள்ள வாய்க்காலும் வேண்டாம் எண்டு விடேலாது.

கடைசியாக, பிள்ளையளின் வேலை. எங்கட தலைமுறை துடைப்பத்தோடை வந்தது, அதிலை வெக்கம் இல்லை. தெர்மினி இமெரேசேயிலை பியாற் கார் ஆலை 2011இல் மூடினபோது எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது எண்டு பாத்தோம். இப்ப கத்தானியாவிலை திறீ சன் எண்ட ஆலை தகடு செய்யுது. வருடத்துக்கு மூன்று கிகாவாற் அளவுக்குப் பெருப்பிக்கிற திட்டம். எனக்கு வேலைக்கு ஆள் தேடித் தரச்சொல்லி மூன்று ஒப்பந்தக்காரர் கேட்டிருக்கிறார்கள், சான்றிதழ் உள்ள மின்தொழிலாளி இல்லையாம். பல்கலைக்கழகம் போகிற பிள்ளை போகட்டும். ஆனால் தொழிற்பள்ளிக்கூடம் எண்டால் குறைவு எண்டு நினைச்சுப் பிள்ளையை அழவைக்காதேங்கோ. பெண்பிள்ளையளுக்கும் சொல்லுகிறேன், இப்ப எங்களோடை கூரைக்கு ஏறுகிற இத்தாலியப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், என்னைவிடக் கைவேலை சுத்தம்.

சரி, காரியத்துக்கு வாறேன். சங்கச் செயற்குழுவோடை கதைச்சிருக்கிறேன். வாற மாத முதல் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு இதே மண்டபத்திலை இருப்பேன். ஒவ்வொரு குடும்பமும் கடைசி மின்சார பில்லும், இந்த வருடத்து ஈசேயும் கொண்டு வாங்கோ. ஈசே இல்லாதவர்களைப் பத்ரோனாத்தோவுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தங்கச்சிமார் இரண்டுபேர் சம்மதிச்சிருக்கினம். பில்லிலை உள்ள விலாசத்தை வைத்து, யார் யார் ஒரே உபமின்நிலையத்துக்குக் கீழை வருகிறோம் எண்டு அரச வரைபடத்திலை பாப்போம். இருபது குடும்பம் சேர்ந்தால், அயலிலை உள்ள கோயிலிட்டையோ பள்ளிக்கூடத்திட்டையோ கூரை கேட்டுப் போகலாம். போகேக்கை இத்தாலிய அயலவரையும் கூட்டிக்கொண்டு போவோம், தமிழருக்கு மட்டும் எண்டு கேட்டால் கிடைக்காது, கேக்கவும் கூடாது. கூரை தாறவருக்கு ஒழுகாது எண்டு எழுதிக் கொடுக்கிறது என்ர பொறுப்பு. கடைசித் தட்டிலை தனியாக இருக்கிற வயதானவர்களின் பேரையும் அண்டைக்கே எழுதித் தாங்கோ. யூன் மாதத்துக்கு முந்தி, மத்தியானத்திலை யார் யாருக்கு ஆர் போன் எடுக்கிறது எண்டு பிரிச்சு வைக்கவேணும்.

பணியாரத் தட்டு வெளிக்கிட்டிட்டுது, நான் நிப்பாட்டுகிறேன்.